டம்ளர் தம்பி

பிரசங்கம் செய்யத்தான் அவன் கடல் தாண்டி வந்தான். எங்கள் டாக்டரம்மா அவன் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். மிஷனரி ஐயாவை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என்னைவிடப் பதினாறு வயது இளையவன். நாங்கள் போட்ட சண்டைகளுக்கு 'அவர்' ஒத்துவராது.

எங்கள் காசநோய் ஆஸ்பத்திரி மொத்தமே இரண்டு அறை. ஜெபக்கூடத்துக்குப் பின்னால், பஸ் டெப்போ மதிலை ஒட்டி இருந்தது. ஒரு அறை டாக்டரம்மாவுக்கு. இன்னொன்றில் ஒரு மேஜை, மாத்திரை அலமாரி, கார்டுப் பெட்டி, அந்தக் கார்டுகளை எழுதும் நான். விதி ஒன்றுதான். மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. நோயாளி தினமும் வர வேண்டும், எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கார்டில் அன்றைய கட்டத்தில் குறி. ஆறு மாதம், ஒரு நாள் தவறக் கூடாது. அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் அந்த மாத்திரையும் சுண்ணாம்புக் கட்டியும் ஒன்று.

தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, விழுங்குவதைப் பார்ப்பதுதான் அவன் வேலை. எப்போது பிரசங்கம் செய்யலாம் என்று ஜெபக்கூடத்துப் பெரிய போதகரிடம் போய்க் கேட்டான். "முதல்ல எங்க பேச்சைக் கத்துக்கோ, அப்புறம் பாக்கலாம்" என்று அவர் அனுப்பிவிட்டார். இரண்டு மாதத்துக்கு அவன் வாயில் இருந்தது மூன்றே வாக்கியம். "வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. சரி, மூடலாம்." நோயாளிகள் அவனுக்கு டம்ளர் தம்பி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகமெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்ப்பான்.

சைக்கிள் கடை மாடியில் ஒரு அறையில் தங்கினான். இரண்டு சட்டை, ஒரு சட்டி. அந்தச் சட்டியில் கருகாமல் எதையும் சமைத்ததாக எனக்கு நினைவில்லை. நீல அட்டை நோட்டில் முதல் பிரசங்கத்தை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருப்பான். கார்டில் நான் போடுவது பெருக்கல் குறி. அவன் போடுவது சிலுவை, கீழ்க்கால் கொஞ்சம் நீளமாக இருக்கும். ஆள் தங்கம். ஒரே ஒரு தொல்லை, பொய் சொல்ல வராது. இளைத்துக் கறுத்துப்போன நோயாளியிடம் போய், "நேத்தைவிட இன்னைக்கு மோசமா இருக்கீங்க" என்பான். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவன் வந்த இரண்டாவது வருடம் என் அண்ணனுக்கு நோய் வந்தது.

அண்ணன் வெல்டர். அப்பா போன பிறகு பதினைந்து வயதில் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் படிக்க வைத்த மனிதர். கார்டு எழுதத் தெரிகிற கை எனக்கு இருக்கிறதென்றால் அவரால்தான். இரத்தமாக இருமிக்கொண்டு வந்தார். முதல் மாதம் லீவு போட்டுவிட்டுத் தினமும் வந்து விழுங்கினார், இருமல் அடங்கியது. அதற்குள் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே காசநோய் என்று தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. அவருக்கு ஏழு மணியிலிருந்து ஐந்து மணிவரை வேலை. எங்கள் கதவு எட்டுக்குத் திறந்து மூன்றுக்குச் சாத்தும்.

நான் டம்ளர் தம்பியிடம் போனேன். "பதினஞ்சு நாள் மாத்திரையை மொத்தமா குடு. எங்கண்ணன் வீட்டுல முழுங்கிக்குவார்."

"விதி இருக்குது அக்கா."

மூன்று நாள் விடாமல் நச்சரித்தேன். அவன் பிடி கொடுக்கவில்லை. நான்காம் நாள் கோபத்தில் ஒன்று கேட்டேன். "பாக்காத கடவுளை நம்புன்னு சொல்ல இம்மாந்தூரம் வந்திருக்க. தினம் பாக்குற எங்கண்ணனை நம்ப மாட்டியா?"

அவன் எழுந்து போய் அலமாரியைத் திறந்தான். ஒரு நாளைக்கு நான்கு வீதம் அறுபது மாத்திரை. கார்டை எடுத்து நீட்டினேன், தலையை ஆட்டினான். "கொடுத்தது நான். ஆனா பாக்காததுக்குக் குறி போட மாட்டேன்."

கட்டம் காலியாக இருந்தால் டாக்டரம்மா கண்டுபிடித்துவிடுவார். அதனால் தினமும் காலையில் நானே ஒரு பெருக்கல் குறி போட்டேன். பெரிய பாவம் செய்கிற மாதிரியெல்லாம் தோன்றவில்லை. அண்ணன் வேலை தப்பித்தது என்றுதான் தோன்றியது.

இப்படி நான்கு தவணை போனது. ஒரு வியாழக்கிழமை, வேலை நேரத்தில், அண்ணன் வாசலில் வந்து நின்றார். சட்டையின் முன்பக்கம் முழுக்க இரத்தம்.

டாக்டரம்மா நெஞ்சைப் பரிசோதித்தார், கார்டை வாங்கிப் பார்த்தார். மூன்று மாதம், ஒரு கட்டம் காலி இல்லை. அண்ணனைப் பார்த்து, "எல்லாத்தையும் முழுங்கினீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணு விடாம, டாக்டரம்மா."

"அப்படின்னா இந்த மருந்து தோத்துப்போச்சு. திங்கக்கிழமையிலிருந்து ஊசி. பல மாசம் போடணும். உயிரைக் காப்பாத்தும், ஆனா காதுல கை வைக்கும், சில பேருக்குச் சுத்தமா கேக்காமப் போயிடும். வேற வழி இருந்தா நான் இதைத் தொடவே மாட்டேன்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கார்டு சரிதானே?"

சரி என்று தலையாட்டினேன். என் கழுத்து தானாக ஆடியது என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அது பொய். வேலை போய்விடும் என்று பயந்து, தெரிந்தே ஆட்டினேன். கதவோரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்னையே பார்த்தான்.

மறுநாள் ஐந்து மணிக்கு மேல் அவன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினான். நானும் பின்னாலேயே ஓடினேன். கம்பெனி குடியிருப்பில் வரிசை வீடு, ஒரே அறை, ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்து இருக்கும். அவன் பாயில் உட்கார்ந்து, பையிலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றினான். "இன்னைக்கு மாத்திரையை என் முன்னால முழுங்குங்க அண்ணா."

அண்ணன் மாத்திரைப் பெட்டியைத் திறந்தார். எண்ணி இரண்டை எடுத்தார்.

"நாலு" என்றான் அவன்.

அண்ணன் பெட்டியை மூடினார். அடுப்படித் தடுப்புக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த இருமல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இருந்தார்.

"ரெண்டு பேருக்கும்னு தெரிஞ்சா வீட்டையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்றார் அண்ணன். "எனக்குத்தான் நல்லாயிட்டுதே. அவளுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. எதைத்தான் நாங்க பங்கு போடல?"

இருப்பதைப் பாதியாக்கிக் கொள்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த குடித்தனம். போர்வையும் அப்படித்தான், பசியும் அப்படித்தான். மருந்தையும் அப்படியே செய்துவிட்டார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

திரும்பி வரும் வழியில் அவன் சொன்னான். "டாக்டரம்மாகிட்ட மாத்திரை கொடுத்ததை நான் சொல்றேன். குறி போட்டதை நீங்க சொல்லணும்."

"அதையும் நீயே போட்டதா சொல்லேன். நீ வெளிநாட்டுக்காரன், உன்னை என்ன செஞ்சிடுவாங்க? எனக்கு வேலை போயிடும்பா."

"முடியாது அக்கா."

"ஒரு பொய்! ஒரு மனுஷிக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா? என்ன பெரிய ஊழியம் உன் ஊழியம்!"

அவன் டம்ளரைப் பைக்குள் திணித்தான். மறுபடியும் முடியாது என்றான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவனைச் சபித்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை தட்டில் ஊசி தயாராக இருந்தது. அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பஞ்சை நனைத்தார். அப்போது அவன் முன்னால் வந்தான். "டாக்டரம்மா, ரெண்டு மாசமா மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினது நான்தான்."

பஞ்சு அப்படியே நின்றது. டாக்டரம்மா கார்டை எடுத்தார். சிலுவைகள் ஒரு மாதத்தோடு நின்று, பெருக்கல் குறிகள் வரிசையாக ஓடின. அதைப் பார்க்க இரண்டு விநாடி போதும். "இந்தக் குறியெல்லாம் யார் போட்டது?"

அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் உறுமிக்கொண்டே இருந்தது. அண்ணனின் கை மேஜைமேல் காத்திருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

"நான் போட்டேன்" என்றேன். "அண்ணிக்கும் இருக்கு. ரெண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்காங்க."

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். யாரையும் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஊசி வேண்டுமா, பழைய மருந்தே போதுமா என்று பார்க்க இருவருடைய சளியையும் பெரிய ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அன்று மாலையே கார்டுப் பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார். அவனைப் பற்றி அவனுடைய சபைக்குக் கடிதம் போனது. ஊழியக் காலம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி வர வேண்டும், நீட்டிப்பு கிடையாது என்று பதில் வந்தது.

ஆறு வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. அண்ணியின் கிருமி சாதாரண மருந்துக்கே கட்டுப்படும். அண்ணனுடையது மருந்துக்குப் பழகிவிட்டது. ஊசிதான்.

அப்படியானால் அன்றைக்கு எதற்கு வாயைத் திறந்தேன் என்று அவனிடமே கேட்டுக் கத்தினேன். "அண்ணி" என்று மட்டும் சொன்னான். அது உண்மைதான். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் தடுப்புக்குப் பின்னாலேயே அண்ணி முடிந்திருப்பார். ஆனால் உண்மை எல்லா நேரமும் ஆறுதலாக இருப்பதில்லை. அண்ணனின் வேலையும் போய்விட்டது, எதற்காக இத்தனையும் செய்தேனோ அதுவே.

எட்டு மாதம் அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் காலை முதல் பஸ்ஸில் டம்ளர் தம்பி அங்கே போய்விடுவான். நர்ஸ் ஊசி போடுவார், அவன் மாத்திரை விழுங்க வைப்பான், கார்டில் சிலுவை போடுவான். எட்டு மணிக்குள் எங்களிடம் திரும்ப வேண்டும் என்பதால் ஓடியே வருவான். அந்த வார்டில் கிடைக்கிற கால் மணி நேரத்தில் நீல நோட்டைத் திறந்து பிரசங்கத்தை அண்ணனிடம் படித்துக் காட்டுவான். அண்ணன் ஜெபக்கூடத்துப் பக்கமே போகாதவர், ஆனால் திருத்தம் சொல்வதில் சளைக்க மாட்டார். "இப்படிப் பேசினா எவனும் உக்கார மாட்டான் தம்பி. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பேசுற மாதிரி பேசு."

நான்காவது மாதம், "கொஞ்சம் சத்தமாப் படி" என்றார். ஐந்தாவது மாதம், "இன்னும் சத்தமா." ஆறாவது மாதம் அவன் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்துக் கட்டில்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு நாள் படித்துக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்து பார்த்தானாம். அண்ணன் அவன் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். என்னிடம் வந்து சொல்லும்போது அழுதான். நானும் அழுதேன். நான் போட்ட ஒவ்வொரு பெருக்கல் குறியும் கண் முன்னால் வந்தது.

அண்ணன் பிழைத்தார். சளியில் கிருமி இல்லை என்று வந்த அன்று, அதை ஒரு தாளில் பெரிதாக எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது.

அவன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பெரிய போதகர் ஒரு வழியாக மனமிரங்கி, பிரசங்க மேடையைக் கொடுத்தார். ஜெபக்கூடம் பாதிதான் நிறைந்திருந்தது. எங்கள் நோயாளிகள் பின்வரிசையில் இருந்தார்கள். ஆராதனை தொடங்கும் நேரத்தில், தோய்த்துத் தேய்த்த சட்டையோடு அண்ணன் உள்ளே வந்தார். அண்ணி பின்னால் வந்தார். அண்ணன் நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

டம்ளர் தம்பி நோட்டைத் திறந்தான். நான்கு வரி ஓடியது. அண்ணனைப் பார்த்தான், நோட்டை மூடினான். அதற்குப் பிறகு அவர் முகத்தை மட்டுமே பார்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் வாயை அகலத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினான். இருபது நிமிடப் பிரசங்கம் ஒரு மணி நேரம் ஆனது. பெரிய போதகர் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன்.

முடித்தான். யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணன் எழுந்து நின்றார். அத்தனை பேருக்கும் நடுவில் வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

பின்வரிசை குபீரென்று சிரித்தது. அவன் பழக்க தோஷத்தில் பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினான். பிறகு முகம் உடைந்துவிட்டது. "சரி, மூடலாம்" என்று சொல்ல வாயெடுத்தான், குரல் வரவில்லை. வந்திருந்தாலும் அண்ணனுக்குக் கேட்டிருக்காது. மேடையிலிருந்து இறங்கி வந்து, அவர் தாடையைத் தொட்டு, அவனே மெல்ல மூடிவிட்டான்.