முளைக்காத மங்குஸ்தான்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பரீட்சையில் விவசாயப் பாடத்துக்கு ‘ஏ’ தரச் சித்தி எடுத்த பெருமை வேறு. அப்பா இறந்தபின் அம்மா கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். தலவாக்கலைக்குப் பக்கத்தில், மலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து அறையில் நான் தனியாக இருந்தேன். ஒருமுறை, அந்த வீட்டு மரத்து மங்குஸ்தான் விதைகளை ஈரத்துணியில் சுற்றி, ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பினார் அம்மா.

“ஈரத்தோடயே நட்டுரு புள்ள,” என்றார் போனில்.

“காய வச்சுத்தாம்மா நடணும். படிச்சது நானா, நீங்களா?”

போஞ்சி விதையைப்போலச் சாம்பலில் புரட்டி, அடுப்புக்கு மேலே காயவைத்து நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மங்குஸ்தான் விதை காய்ந்தால் செத்துவிடும் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

ஞாயிறுதோறும் அம்மா, “மொளச்சிருச்சா?” என்று கேட்பார். இரண்டு இலை வந்தது, நாலு இலை வந்தது, பனிக்குச் சாக்குப் போட்டு மூடினேன் என்று பொய்யை வளர்த்தேன். ஒருநாள் தாங்காமல் அழுது, உண்மையைச் சொன்னேன்.

அம்மா சிரித்தார். “தெரியும் புள்ள. இங்க நான் நட்டதே இப்பத்தான் தலைய நீட்டுது. அந்தக் குளிருல ஒனக்கு மட்டும் நாலு எலையா?”

“அப்புறம் ஏம்மா கேட்டுக்கிட்டே இருந்தீங்க?”

“வேற எதக் கேட்டாலும் ‘ம்’முனு சொல்லிட்டு வச்சிருவ. செடியப் பத்திக் கேட்டாத்தான் பத்து நிமிஷம் பேசுற.”

நான் மட்டும்தான் தனியாக இருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.