பின் சீட்டில் தூங்கிய முப்பத்திரண்டு மைல்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் காரில் போய்வந்ததைத் தை மாதமே எழுதியிருக்க வேண்டும். இப்போது வைகாசி. உட்கார்ந்தபோதெல்லாம் கை ஓடவில்லை. கைக்குழந்தையோடு சொந்தக் காரில் இந்தச் சாலையில் போக நினைக்கிறவர்கள், அதிலும் பழைய வண்டி வாங்கி அதையும் இதையும் மாற்றி ஓட்டுகிறவர்கள், கடைசிவரை படிக்க வேண்டும் என்பதற்காகவே இப்போதாவது எழுதுகிறேன். அந்தப் பயணத்தில் எங்கள் பையன் சேகரை நாங்கள் இழந்திருப்போம். அப்போது அவனுக்கு ஒன்பது மாதம். படிக்கிறவர்கள் பதற வேண்டாம், நன்றாக இருக்கிறான். இதை எழுதவிடாமல் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான்.

என் கணவர் அணைக்கட்டு வேலைக்குக் கருங்கல் ஜல்லி சப்ளை செய்கிறார். இரண்டு லாரிகள் உண்டு. கார், யுத்தத்துக்கு முந்தைய அமெரிக்க வண்டி, எட்டு சிலிண்டர், பெங்களூரில் ஏலத்தில் அவர் எடுத்தது. எடுத்தவர் சும்மா ஓட்டியிருக்கலாம். கூடுதல் இழுவை வேண்டுமென்று ஒரு லாரியின் கார்புரேட்டரை அதில் பொருத்தினார். சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புகைக் குழாயைப் பாதியோடு வெட்டினார். சூளகிரி மேட்டில் பஸ்ஸை முந்த வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஒரு மாதம் முந்தவும் முந்தினார். பிறகு வண்டி இருமத் தொடங்கியது. பின்னால் கரும்புகை. ஒரு காலன் பெட்ரோலுக்குப் பன்னிரண்டு மைல் கொடுத்த வண்டி ஏழு மைலுக்கு இறங்கியது. ஒருநாள் அதே மேட்டில் பஸ் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு வேறு கவலை. சேகர் வீட்டில் லேசில் தூங்கமாட்டான். தொட்டில், தோள், தாலாட்டு எதற்கும் மசியாதவன், காரில் பின் சீட்டில் போட்டால் குருபரப்பள்ளி வருவதற்குள் தூங்கிவிடுவான். அக்கா வீடு ஓசூரில் இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவோம். ஓசூர் வரை புரண்டுகூடப் படுக்கமாட்டான். வீட்டில் ரொம்ப அழுகிற நாட்களில் அவனைக் காரில் போட்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருவதும் உண்டு. எதிர்வீட்டுக்காரிக்கு எங்களைப் பார்த்துப் பொறாமை.

ஆனால் எழுந்ததும் பாலைக் கக்குவான். கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். "ஓசூர் குளுருக்குக் கன்னம் செவக்காம என்னடி செய்யும்? வெள்ளைக்காரப் புள்ளையாட்டம் இருக்கான்" என்பாள் அக்கா. அவனுடைய விரிப்பில் கறுப்புக் கறையாக வரும். அக்கா அப்பி விடுகிற கண்மைதான் என்று அவளோடு சண்டைகூடப் போட்டேன்.

"இவன் தூங்கறது எனக்கு என்னவோ மாதிரி இருக்குங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

"அழுதாலும் பயம், தூங்கினாலும் பயம். பி.ஏ. படிச்சது பயப்படறதுக்குத்தானா?" என்றார். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

ஓசூரில் பாஷா பாய் என்றொரு மெக்கானிக் இருக்கிறார், யுத்த காலத்தில் பெங்களூர் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் விரிப்பைப் போட்டுச் சேகரைக் கிடத்தி, சால்வையால் சுற்றி, பின்பக்கக் கண்ணாடிகளை முழுக்க ஏற்றினேன். ஒரு கண்ணாடி கால் அங்குலம் இறங்கியே நிற்கும். அந்த இடுக்கில் துணியைத் திணித்து அடைத்தேன். நாங்கள் இருவரும் முன்னால். அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் திறந்திருக்கும், சிகரெட்டுக்காக.

சூளகிரி பதினாறு மைல். வண்டி திணறித் திணறி வந்ததால் ஏழே முக்கால் ஆகிவிட்டது. காப்பிக் கடையில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். கடைக்காரர் புகையைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், உள்ள அடுப்பு கிடுப்பு வெச்சிருக்கீங்களா? காப்பிய அங்கயே போட்டுக்கலாமே" என்றார். நான் பின்கதவைத் திறந்து சேகரின் உள்ளங்காலைச் சுரண்டினேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. மறுபடி சுரண்டினேன். சற்றுப் பொறுத்து, ஏதோ தூரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி, மெதுவாக இழுத்துக்கொண்டான். எனக்கும் தலை கனத்தது. வெறும் வயிற்றோடு வந்ததால் இருக்கும் என்று காப்பி குடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டோம். அங்கேயே அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு ஓசூர். பாயின் பட்டறை தளி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. விசாரித்தால் யாரும் காட்டுவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எதில் கேட்டாலும் அதிலேயே பதில் கிடைக்கும். பாய்க்கு ஐம்பது வயது இருக்கலாம். ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் ஒட்டிக் கேட்டார்.

"யார் சார் இந்த வண்டியக் கெடுத்தது?"

"நான்தான்."

"நல்லதாப் போச்சு. வேற ஆளா இருந்தா தேடிப் போயித் திட்டணும்."

எட்டு பிளக்குகளையும் கழற்றிச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். எட்டும் அடுப்புக்கரி நிறம். "பாருங்க. வாணலி அடி மாதிரி இருக்குது. லாரிக்கு ஊத்தற அளவ இதுக்கு ஊத்தறீங்க. முழுசா எரிக்க முடியாம பாதியத் துப்புது."

"நல்லா இழுக்கணுமேன்னு..."

"புள்ளைக்குச் சோறு ஊட்டறப்ப அண்டாவோட வாயில கவுப்பீங்களா சார்?"

கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வருகிற துளையை மாற்றிச் சிறியதாகப் போட்டார். பிளக்குகளைச் சுரண்டினார். தீப்பொறி விழுகிற இடைவெளியைப் போஸ்ட் கார்டு ஒன்றைக் கிழித்து அதன் தடிமனை வைத்துச் சரிபார்த்தார். இதற்கெல்லாம் இரண்டரை மணி நேரம். அதற்குள் சேகர் எழுந்து, வழக்கம்போலக் கக்கி, கொட்டகைச் சத்தத்தில் அழ ஆரம்பித்துவிட்டான். பாய் எஞ்சினைக் கிளப்பினார். முன்பு இருமின வண்டி இப்போது சீராக ஓடியது. இனி அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் கடைசித் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும் என்றார்.

"பாய், வண்டி ஓடிட்டுத்தானே இருக்கும்? இவனப் பின் சீட்டுல போட்டுக்கட்டுமா? எஞ்சின் சத்தம் கேட்டா தூங்கிடுவான்" என்றேன்.

"போடுங்கம்மா" என்றவர், நான் கதவைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தார். "ஒரு நிமிஷம். பின்னால ஏதோ தட்டற மாதிரி இருக்குது. கண்ணாடிய ஏத்திட்டு நான் உக்காந்து கேட்டுக்கறேன். புள்ள தூங்கிட்டா அப்புறம் நான் எழுப்ப முடியாது பாருங்க."

உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். என் கணவர் பானெட்டைத் திறந்து நின்று எஞ்சின் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷம் இருக்கும். பாய் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணில் நீர் கொட்டியது. கதவைப் பிடித்தபடி இருமினார். பிறகு நேரே போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"அம்மா, புள்ள எங்க படுக்கும்?"

காட்டினேன்.

"தலை எந்தப் பக்கம்?"

இடது பக்கம் என்றேன். விரிப்பை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, வட்டமாகக் கறுப்பு. நான் கண்மை என்று சோப்புப் போட்டுத் தேய்த்ததெல்லாம் அந்தக் கறுப்பு ஊறி மேலே வந்ததுதான். சீட்டைத் தூக்கினார். கீழே தகரத்தில் ஒரு பெரிய ஓட்டை, அதில் பாதி கருகிய கோணிச் சாக்கு. சாக்கை எடுத்துவிட்டு ஓட்டைக்குள் கையை விட்டார். குனிந்து பார்த்தேன். வெட்டப்பட்ட புகைக் குழாயின் வாய் அவர் விரல்களுக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது.

என் கணவர் மெல்லச் சொன்னார்: "குழாய வெட்டறதுக்காகத் தரை மூடியக் கழட்டினோம். மூடி சரியா உக்காரல. சாக்க மடிச்சு வெச்சேன். லாரியில எல்லாம் அப்படித்தான்..."

"லாரியில பின்னால கல்லுதானே சார் தூங்குது" என்றார் பாய்.

என் கணவர் அப்படியே பிளக் வைத்திருந்த சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் சேகரை மார்போடு சேர்த்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வந்து நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு மாதம், போக வர ஐந்து பயணம், ஊரைச் சுற்றின நாட்கள் வேறு. அவன் தூங்குகிறான் என்று ஒவ்வொரு முறையும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். குளிர்காற்று படக்கூடாதென்று இடுக்கில் துணி அடைத்தது என்னுடைய கை. பெட்ரோல் வாடை அடித்தால் அது அந்த வண்டியின் வாடை என்று பழகிவிட்டிருந்தோம்.

ஜட்கா வண்டி பிடித்து லேடி டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டு, சேகரின் நாடி, கண், நகம் பார்த்தார். "குளிர்ல செவந்த கன்னம்னு யாரு சொன்னது?" என்றார். எல்லாரும் என்றேன். "நீங்க முன்னால காத்துல இருந்தீங்க. இவன் மூக்கு அந்த ஓட்டைக்கு மேல இருந்திருக்கு. தூங்கல, அந்தப் புகையில மயங்கியிருக்கான், கன்னம் செவந்ததும் அதுலதான். நிக்கிற வண்டியில அரை மணி நேரம் போட்டிருந்தா என்கிட்டக் கொண்டுவர வேண்டிய அவசியமே வந்திருக்காது." ஒருநாள் முழுக்கத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு மருந்து கொடுக்கவில்லை.

அன்று அக்கா வீட்டில் தங்கினோம். மறுநாள் காரைப் பாயிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். சேகர், பக்கத்துச் சீட்டில் இருந்த பர்கூர்க்காரர் ஒருவரின் மடிவரை எட்டி உதைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதான். "ஏம்மா, புள்ளைக்கு எதையாச்சும் குடுத்துத் தூங்க வையேன்" என்றார் அவர். "வேணாங்க, அழட்டும்" என்றார் என் கணவர். அதற்குமுன் அப்படி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஓசூர் முப்பத்திரண்டு மைல். நல்ல வண்டியில் ஒன்றேகால் மணி போதும். சூளகிரியில் தண்ணீரும் காப்பியும் கிடைக்கும், அதை விட்டால் ஓசூர்தான். எல்லை தாண்டிப் பெங்களூர் போகிறவர்கள் திரும்பும்போது மதுவிலக்குச் சோதனைக்குக் கால் மணி சேர்த்துக்கொள்ளவும். எங்கள் வண்டிக்கு டியூன் செய்யப் பாய் வாங்கியது பன்னிரண்டு ரூபாய். முழுக் குழாய், சைலன்சர், தரைக்குத் தகடு எல்லாம் சேர்த்து இன்னும் நாற்பத்தைந்து. இப்போது காலனுக்குப் பதிமூன்று மைல் ஓடுகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். சீட்டைத் தூக்கிப் பாருங்கள். விரிப்பை அடிப்பக்கமும் திருப்பிப் பாருங்கள். யாராவது பெரியவர் பின் சீட்டில் கண்ணாடி ஏற்றி உட்கார்ந்து பார்த்த பிறகே குழந்தையை அங்கே விடுங்கள்.

அதன்பின் நான்கு முறை ஓசூர் போய்விட்டோம். சூளகிரி மேட்டை வண்டி கியர் மாற்றாமலே ஏறுகிறது, பஸ் பின்தங்கிவிடுகிறது, அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாடி நான்கும் இறங்கியிருக்கின்றன. சேகர் என் மடியில் உட்கார்ந்து குருபரப்பள்ளி, சூளகிரி என்று ஊர் ஊராக அழுதுகொண்டே வருகிறான். போன தடவை ஓசூருக்கு ஐந்து மைல் இருக்கும்போது அழுகை நின்றது. அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, இறங்கி வந்து, அவன் உள்ளங்காலைச் சுரண்டினார். வீல் என்று கத்தினான். அதற்கப்புறம்தான் புறப்பட்டோம்.