மெலிந்துகொண்டே ஓடிய என் தங்கை

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் தங்கை மறைந்து ஓராண்டு நிறைகிறது. எப்படி ஓடினாள் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி இறந்தாள் என்பதை அக்காவாகிய நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருமானூரில் எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது மகளாகப் பிறந்தாள். அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். அம்மா கரும்பு வெட்டப் போவார். எட்டாம் வகுப்பில் பள்ளி விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தாள். அன்றிலிருந்து விடியற்காலையில் ஒரு டீயோடு கொள்ளிடக் கரையில் ஓட்டம், மதியம் சத்துணவு, மாலையில் மறுபடி பயிற்சி, இரவு ரசம் சோறு. இவ்வளவு ஓடுகிற பிள்ளைக்கு இது போதாது என்றார் உடற்கல்வி ஆசிரியர். அம்மா முட்டையும் கடலையும் வாங்கிக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்.

பிளஸ் ஒன் படிக்கும்போது பெரம்பலூர் போட்டியில் கடைசிச் சுற்றில் பின்தங்கி நான்காவதாக வந்தாள். "ஒடம்ப கொறைச்சாத்தான் வேகம் வரும்" என்று கூட ஓடிய பெண் ஒருத்தி சொன்னாளாம். அதன்பிறகு முட்டையைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா அசந்து தூங்கிய பிறகு போட்டுக்கொள்ளும் இரவுச் சோறும் இரண்டு கைப்பிடியானது. அடுத்த போட்டியில் முதலிடம்! மாலை போட்டு ஊருக்குள் அழைத்துவந்தோம். "ஒங்க பொண்ணு காத்தாட்டம் ஓடுதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார்கள். கழுத்தெலும்பு துருத்தியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒருநாள் துணி துவைக்கும்போது கேட்டேன்: "ஏண்டி, ஒனக்கு வீட்டுவெலக்கு வந்து எத்தன மாசமாச்சு?"

"அஞ்சு மாசம் இருக்கும். ஓடுறதுக்குத் தொந்தரவு இல்லாம இருக்குக்கா. அம்மாகிட்ட சொல்லிடாத, ஓட வுடமாட்டாங்க."

நான் சொல்லவில்லை. அதைப் பாசம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. இந்தப் பொண்ணு சாப்புடுறதே இல்லையா?"

"நல்லா சாப்புடும்ங்க, ஓடுற புள்ள" என்றார் அம்மா.

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. தங்கையின் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார்.

தஞ்சாவூருக்கு மாற்றி ரத்தம் ஏற்றினார்கள். "அக்கா, மாநிலப் போட்டிக்கு செலக்ஷன் என்னிக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். காய்ச்சலைத் தாங்கும் தெம்பு உடம்பில் இல்லை என்றார்கள் டாக்டர்கள். அங்கே சேர்த்த நான்காம் நாள் போய்விட்டாள். பதினேழு வயது.

ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், வேன் ஓட்டிவந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும், கடைசிவரை வார்டு வாசலில் நின்ற உடற்கல்வி ஆசிரியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் ஓடுகிற, கபடி ஆடுகிற பிள்ளை இருந்தால், அது சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். மறைப்பது தெரிந்தால் என்னைப்போல் இருந்துவிடாதீர்கள்.

இந்த நினைவுக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கும் நாளில் ஓராண்டுப் படையலைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவளுக்கு என்னடி புடிக்கும்?" என்று அம்மா கேட்டார். கடைசி ஒரு வருடத்தில் அவள் எதையும் ஆசையாய்க் கேட்டதாக எனக்கு நினைவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எல்லாத்தையும் ஆக்கிடலாம்டி" என்றார்.