கழுவி வைத்த தம்ளர்

மனிதர்கள் தின்று முடித்த தட்டைப் பார்க்காதவர்களுக்குத்தான் மனிதர்கள்மேல் மரியாதை இருக்கும். தட்டக்காவுக்கு அது என்றைக்கோ போய்விட்டது. பெரிய அலுவலகம் ஒன்றின் கேன்டீனில், எச்சில் தட்டுகள் வந்து விழும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கழுவுவது அவள் வேலை; அதனால்தான் அந்தப் பேர். டை கட்டிக்கொண்டு சட்டை கசங்காமல் வருகிற ஆசாமிகள், கடித்த முட்டைக்குள் மூக்குச் சிந்திய காகிதத்தைச் செருகி அனுப்புவார்கள். குழம்பில் சிகரெட்டை அணைத்திருப்பார்கள். மென்று துப்பிய கறித்துண்டு தட்டோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். "தூ! இதுங்கெல்லாம் படிச்சதுங்களாம்" என்று திட்டிக்கொண்டே வழித்து வாளியில் தள்ளுவாள். அந்த வாளி நிறையும்போது புளித்த வாடை ஒன்று கிளம்பும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது.

தட்டக்காவுக்கு மட்டும் நன்றாகவே இறங்கியது. ஜன்னலுக்கும் தொட்டிக்கும் நடுவில் அவள் நின்றால் இன்னொரு ஆள் அந்தப் பக்கம் தாண்ட முடியாது. யாராவது கிண்டல் செய்தால், "காத்தக் குடிச்சாலே ஊதுற உடம்புடி, என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்பாள். அதை அவளே நம்பியும் வந்தாள்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகுதான் இந்த உடம்பு ஒரு விவகாரமானது. தம்பி தையல்காரன். அம்மா போனபின் இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். ஊசியில் நூல் கோர்க்கக் கை நடுங்குகிறது. அக்காவுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர்தான் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டேம்மா. கொறைச்சிட்டு வாங்க."

"இன்னிலேருந்தே பட்டினி கெடக்குறேன் டாக்டர்."

"அப்படி வதங்கிப்போய் வந்து நின்னாலும் எடுக்க மாட்டேன். மெதுவாத்தான் கொறையணும்."

எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தர அங்கே ஒரு பெண் இருந்தாள். சாப்பாட்டு ஆலோசகர் என்று கதவில் போட்டிருந்தது. மகள் வயதுதான் இருக்கும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். காலையில் ரொட்டி, மதியம் ஒரு தட்டுச் சோறு, ராத்திரிக்கும் அதேதான் என்றாள் தட்டக்கா.

"அவ்வளவுதானா?"

"சத்தியமா அவ்வளவுதாம்மா."

"உக்காந்து சாப்பிட்டத மட்டும் சொல்லாதீங்க. வாய்க்குள்ள போனது எல்லாத்தையும் சொல்லுங்க."

இந்தக் கேள்வியோடுதான் அன்று வீட்டுக்கு வந்தாள். புருஷனும் மகனும் சாப்பிட்டு எழுந்தார்கள். வழக்கம்போலத் தட்டுகளை எடுத்துத் தொட்டியில் வைத்தாள். தண்ணீரைத் திறப்பதற்கு முன் கை தன்னால் வாய்க்குப் போயிற்று. அதில் பாதி கடித்த உருளைக்கிழங்கு. அவள் அப்படியே நின்றுவிட்டாள். மகனுக்குப் பிடிக்காத மஞ்சள் கரு, பிசைந்து மீந்த சோறு, எலும்பில் விட்ட கறி, வறுவல் சட்டியின் அடியில் தேங்கிய எண்ணெய் எல்லாம் இத்தனை வருஷமாக இந்தத் தொட்டியடியில் நின்றபடியே அவள் வயிற்றுக்குள் போயிருந்தன. அதைச் சாப்பாடு என்று அவள் நினைத்ததே இல்லை. உட்கார்ந்து தின்றால்தானே சாப்பாடு! பகலெல்லாம் மூஞ்சியைச் சுளித்து வாளியில் தள்ளுவதைச் சாயங்காலமானால் தன் வாயில் தள்ளிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கிழங்கைத் திருப்பிப் பார்த்தாள். புருஷனுடைய பல் பதிந்திருந்தது, முன்பல் இடுக்கு உட்பட. பெண் பார்க்க வந்த அன்று அந்த இடுக்கைப் பார்த்துத்தான் இவள் சொக்கிப் போனாள். இப்போது குமட்டிக்கொண்டு வந்தது.

மறுவாரம் இதைக் கூசிக்கூசிச் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"நீங்க கொறைக்க வேண்டியதே அவ்வளவுதாம்மா. மத்தபடி எப்பவும் போல சாப்பிடுங்க. தொட்டிகிட்ட வாயத் தெறக்காதீங்க, போதும்."

"எப்பக் கொறையும்?"

"தெனமும் ஒரு பிடிதானே போகுது. கண்ணாடில பாத்தா தெரியாது. ஆனா கொறையும்."

அன்றிலிருந்து மிச்சமெல்லாம் குப்பைக்குப் போனது. "என்னம்மா, சோத்தப் போய் கொட்டுற?" என்று மகன் முகம் சுளித்தான். "நீ மிச்சம் வைக்காம தின்னு, நான் கொட்ட மாட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரி எடை மெஷினில் முள் ஆடி அசைந்து இறங்கத் தொடங்கியது. அவளுக்குத்தான் பொறுமை இல்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் தம்பியின் முகம் ஊதிக் கறுத்துக்கொண்டே வந்தது. "எனக்காக வயித்தக் காயப் போடாதக்கா" என்று போனில் அழுவான். "போடா லூசு, நான் நல்லாத்தான் தின்றேன்" என்பாள். அது உண்மைதான். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டி வந்தபோது, கேன்டீனில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் புருஷன் டீ போட ஆரம்பித்தார். லாரி செட்டில் காவல்காரர். மதியமே வீடு திரும்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக மொண்டறியாதவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சுடச்சுட டீயோடு நின்றார். சர்க்கரை போடாத டீதான், ஆனாலும் தொண்டைக்கு இதமாக, கெட்டியாக இருந்தது. அடுத்தவர் கையால் குடித்தால் எதுவும் ருசிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குடித்து முடித்ததும் அவரே தம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேன்டீன் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

"என்னக்கா, இந்த வயசுல புதுமாப்பிள்ளை ஆயிட்டாரா?"

"போங்கடி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முள் நின்றுவிட்டது. பிறகு ஏறவும் ஏறியது. அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மறுபடியும் தொட்டிகிட்ட..." "இல்லம்மா, தொடவே இல்ல. வேற என்ன, டீத்தண்ணிதான் குடிக்கிறேன், அதுவும் சர்க்கரை இல்லாம." டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: "இன்னும் ஒரு தடவை பாக்கறேம்மா. அதுக்கு மேல தள்ளிப்போட்டா உங்க தம்பி உடம்பு தாங்காது." தட்டக்காவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே காற்றைக் குடித்து ஊதுகிற உடம்புதானோ என்று நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். யாரோ வந்து வண்டியை நகர்த்தச் சொல்லிப் புருஷனை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். தம்ளர் அவள் கையிலேயே தங்கிவிட்டது. கொண்டுபோய்க் குழாயடியில் காட்டினாள். உட்புறம் வெள்ளையாக ஒரு வளையம். பச்சைத் தண்ணீர் பட்டதும் அது உறைந்து ஒட்டிக்கொண்டது. விரலால் தேய்த்தாள், வழுக்கியது. டீக்கறை பழுப்பாக இருக்கும், இப்படி வழுக்காது. ஆயிரம் தட்டு கழுவிய கைக்கு இது தெரியாதா? பெரிய அதிகாரிகளுடைய சூப்புக் கிண்ணத்தில்தான் இந்த வளையம் இருக்கும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால்தான் விடும்.

அடுப்படியெல்லாம் துழாவி, அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டாள். பாலேட்டு டப்பா ஒன்று பாதி காலியாக இருந்தது. பக்கத்தில் இரண்டு காலி டப்பா, நசுக்கி ஒளித்து வைத்தவை. மூடியோரத்தில் மஞ்சளாகக் காய்ந்து வீச்சம் அடித்தது. அவள் ஒரு பிடி குறைத்தால் இவர் ஒரு பிடி ஊற்றிவிட்டார், அவ்வளவுதான் கதை.

புருஷன் உள்ளே வந்தார். டப்பாவையும் பார்த்தார், தம்ளரையும் பார்த்தார்.

"என்னங்க இது?"

"கொஞ்சமாத்தான் ஊத்துனேன். தெம்பா இருக்கட்டுமேன்னு..."

"யாருக்குத் தெம்பு?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "நல்லா இருக்குற உன்னை அறுத்து அவனுக்குக் குடுக்கணுமா? உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

இதோடு வாயை மூடியிருந்தால் அவள் மன்னித்துத் தொலைத்திருப்பாள். மூடவில்லை.

"மாசக்கணக்குல நீ படுத்துட்டா எனக்கு யாரு சோறு வடிப்பா? துணி யாரு தொவைப்பா? அதையும் யோசிக்கணும்ல?"

தட்டக்கா எத்தனையோ அசிங்கத்தைக் கையால் வழித்தவள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தொட்டிக்கு ஓடினாள். குமட்டிக் குமட்டி எச்சில்தான் வந்தது. அந்த ஆள் ஊற்றியதெல்லாம் எப்போதோ அவள் உடம்பாகியிருந்தது. அதை நினைக்க நினைக்கத் தன் தோலே அவளுக்கு அருவருத்தது. இதைப் போய்க் கேன்டீனில் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் சொன்னோமே என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது.

"என் தம்பி சாகட்டும்னு தெனமும் டீ போட்டீங்களா?"

"ஐயோ, சாகட்டும்னா சொன்னேன்?"

"ஒவ்வொரு தடவையும் கழுவி வேற வெச்சீங்களே!"



அன்றைக்குப் பிறகு அவர் கை பட்ட எதையும் அவள் வாயில் வைக்கவில்லை. அவளுக்கு வேண்டிய டீயை அவளே போட்டுக்கொண்டாள். சோற்றை வழக்கம்போல உட்கார்ந்துதான் தின்றாள், தொட்டியடியில் வாயை மூடிக்கொண்டாள். முள் பழையபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டாக்டர் கொடுத்த கடைசி நாளில், நூலிழையில் அவர் கேட்ட இடத்துக்கு வந்து நின்றது. டாக்டர், "சரி, பண்ணிடலாம்" என்று மட்டும் சொன்னார். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நர்ஸ் கட்டிலருகே வந்தாள். "ராத்திரி வரைக்கும் சாப்பிடலாம்மா, அப்புறம் பச்சத் தண்ணிகூடக் கூடாது. கூட இருக்கிறது யாரு?"

வாசலில் அந்த ஆள் கையில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"என் தம்பி" என்றாள் தட்டக்கா. "பக்கத்து ரூம்ல படுத்திருக்கான்."

"அவரும் நோயாளிதானேம்மா? வேற யாரும் இல்லையா?"

"இல்ல."

நர்ஸ் போனதும் அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தார். "வெறும் சுடுதண்ணிதான். சத்தியமா வேற ஒண்ணும் போடல."

அவள் மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை. "நீங்களே குடிங்க" என்று சொல்லிவிட்டு, தம்பி இருந்த அறைப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.