பூட்டு இல்லாத ஊரின் பூட்டுக்காரர்

நெவில் ஹிப்கிஸ் தன் வீட்டுப் பின்கதவைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார். வண்டி வரை நடக்கிறார். நிற்கிறார். திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார். கதவு அசையவில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு சாந்தி பரவும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வெளியே வருகிறவர்களிடம்கூட நான் அதைக் கண்டதில்லை. இத்தனையும் நடப்பது எங்கள் பிரிண்டில் துறையில். இங்கே கடைசியாகக் களவு போன பொருள் ஒரு துடுப்பு. எடுத்தவரே மறுநாள் கொண்டுவந்து போட்டு, "என்னய்யா துடுப்பு இது, உளுத்துப் போயிருக்கு" என்று உரிமையாளரைத் திட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வீடுகள் பூட்டப்படுவதில்லை. கதவில் சாவித்துவாரம் இருக்கும். அது கடல்காற்று உள்ளே வருவதற்கு. சாவி எங்கே என்று கேட்டால், அந்தக் காலத்தில் தூண்டிலுக்கு எடையாகக் கட்டிவிட்டதாகச் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊருக்குத்தான், இங்கிலாந்தில் பூட்டுக்கே பேர்போன வில்லன்ஹாலில் நான்காம் தலைமுறைப் பூட்டுக்காரராகப் பிறந்து, ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மண்டனில் பாதி ஆயுளைப் பூட்டுகளோடு கழித்த ஒரு மனிதர், சாவி வெட்டும் இயந்திரத்தை நீல நிற வேனில் ஏற்றிக்கொண்டு கனடாவின் குறுக்கே கிழக்குக் கரைக்கு ஓட்டிவந்து கடை போட்டார். வேனின் பக்கவாட்டில் 'ஒரு மணி நேரத்தில் பூட்டு' என்று எழுதியிருந்தது. மீன்களுக்குக் குடை விற்க வந்தவரைப் பார்ப்பதுபோல நாங்கள் அவரைப் பார்த்தோம்.

ஏன் வந்தார் என்று கேட்காதவர் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான். "கடல் பக்கமா இருக்கணும்னு ஆசைங்க. எட்மண்டனுக்குக் கிட்ட இருக்கிறது பசிபிக். அது நம்ம கடல் இல்லீங்களே." வில்லன்ஹால் இங்கிலாந்தின் நட்டநடுவில் இருக்கிறது, அங்கிருந்தும் கடலைப் பார்க்க ரயிலேற வேண்டும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி கூட வரவில்லை. அவர் ஏற்கெனவே கணவரை மாற்றிக்கொண்டிருந்ததால் வீட்டையும் மாற்றும் அவசியம் ஏற்படவில்லை.

வந்த புதிதில் மாலை வேளைகளில் தேநீர்க் கோப்பையோடு படகுத்துறையின் நுனியில் நின்று, தாய்நாட்டை நோக்கிப் பெருமூச்சு விடுவார். பெட்ரோலும் தூண்டில் இரையும் ஒரே கடையில் விற்கும் வெண்டல் கார்க்கம் சில வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு போய்ச் சொன்னான்: "நெவில், நீங்க பார்க்குற பக்கம் நேரா போனா பிரான்ஸ்தான் வரும். உங்க ஊரு இன்னும் வடக்கால கிடக்கு." ஓர் ஆங்கிலேயனுக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. நெவில் சற்றே இடப்பக்கம் திரும்பி நின்றார். அன்றிலிருந்து அந்தக் கோணத்திலேயே நின்றார். அந்தக் கோணத்தில் கடலுக்கு முன்னால் வருவது ஆர்டித் ஐஸ்னரின் துணிக்கொடி.

"யோவ்! என் உள்பாவாடைய எதுக்குய்யா முறைச்சுப் பார்க்குற?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"மன்னிக்கணும் மிசஸ் ஐஸ்னர். இங்கிலாந்தைப் பார்த்தேன்."

"அது எப்பய்யா என் கொடிக்கு வந்துச்சு?"

ஆர்டித்துக்கு எழுபது தாண்டிவிட்டது. மீன் பதனிடும் ஆலையில் வாழ்நாளெல்லாம் முள் நீக்கியவர்; கத்தியை ஆலையிலேயே விட்டுவிட்டு நாக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் டாரில், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும்போல ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். நெவில் குடிவந்த மறுநாளே ஆர்டித் மீன் கட்லெட்டோடு அவர் வீட்டுப் பின்கதவைத் தள்ளினார். இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் போலீஸ் என்று அர்த்தம். கதவு திறக்கவில்லை. பூட்டிய கதவு என்ற ஒன்றை வாழ்க்கையில் சந்தித்திராத ஆர்டித், மரம் இறுகியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் இடித்தார். பிறகு ஜன்னலில் முகம் வைத்துக் கத்தினார்.

"உள்ள செத்துக் கித்துப் போயிட்டியா?"

நெவில் மூன்று தாழ்களை விலக்கிக் கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்றார்.

"நீதான்யா. வேற யாரு இருக்கா இங்க?"

அன்றிலிருந்து தினமும் காலை ஆர்டித் தேநீருக்கு வருவார் என்று ஆகிவிட்டது. அவர் வரும் நேரத்துக்கு மட்டும் நெவில் தாழ்களை விலக்கி வைப்பார். ஆர்டித் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடிச்சுட்டா உலகத்தையே ஆண்டீங்க?" என்பார். அதுதான் காலை வணக்கம். ஒருநாள், "எட்மண்டன்ல இருந்தேல்ல, எங்க டாரிலைப் பார்த்தியா?" என்று கேட்டார். எங்களுக்கு ஆல்பர்ட்டா என்பது ஒரு தெரு. நெவில் அந்தக் கேள்விக்கு உரிய மரியாதை கொடுத்து, கண்ணை மூடி யோசித்து, "இல்லீங்க மிசஸ் ஐஸ்னர். பார்த்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஆர்டித் அன்று ஊருக்கெல்லாம் அறிவித்தார்.

பூட்டுக்காரருக்கு வேலை வராது என்று நாங்கள் நினைத்தது தப்பு. வந்தது. எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதுதான் விஷயம். ஊரில் ஒருவர் காலமானால், மேற்கே இருக்கும் பிள்ளைகள் வீட்டை விற்பார்கள். வாங்குகிற டொராண்டோக்காரர் முதலில் கேட்பது சாவி. டவுனிலிருக்கும் வக்கீல் நெவிலுக்குப் போன் செய்வார். ஆகவே நீல வேன் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அந்த வீடு ஊரை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். கோடையில் மட்டும் அதில் விளக்கு எரியும். சவ வண்டிக்குத் தொப்பியைக் கழற்றுவதுபோல வெண்டல் அந்த வேனுக்கும் கழற்ற ஆரம்பித்தான். "என் வீட்டுப் பக்கம் மட்டும் வண்டியத் திருப்பிடாதீங்க. வந்தே ஆகணும்னா ரிவர்ஸ்ல வாங்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். நெவில் சிரிக்கவில்லை. அவர் எந்தப் பூட்டு மாட்டும்போதும் கழுத்தில் டை கட்டிக்கொள்கிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

போன ஜனவரியில் ஆர்டித் தன் பின்வாசல் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தார். இடுப்பு. தேநீருக்கு வரவில்லையே என்று நெவில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கைத்தடியோடு வந்தார். மார்ச்சில் டாரில் முடிவு செய்துவிட்டான்: வீட்டை விற்பது, அம்மாவை ஆல்பர்ட்டாவுக்கு அழைத்துக்கொள்வது, தன் வீட்டின் பேஸ்மெண்டில் ஓர் அறை போட்டுத் தருவது. அப்பா போன பிறகு வீடு அவன் பேரில்தான் இருந்தது. டொராண்டோக்காரர் ஒருவர் கிடைத்தார். ஜூனுக்குள் இரண்டு கதவுகளிலும் பூட்டும் சாவியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கமாட்டேன் என்பது அவருடைய நிபந்தனை.

"பேஸ்மெண்ட்ல பீட்ரூட் வைப்பாங்கய்யா. என்னைக் கொண்டுபோய் வைக்கிறானாம்" என்றார் ஆர்டித். பிறகு நெவிலைப் பார்த்து, "உன்னைத்தான் கூப்பிடுவான். செஞ்சு குடு. உன் தொழிலு" என்றார். அன்று அவர் தேநீரைக் குறை சொல்லவில்லை. நெவிலுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நெவில் ஹிப்கிஸுக்கு வேலை மறந்துபோயிற்று. ஆர்டித் வீட்டுக் கதவை அளந்துவிட்டு வந்தார். வந்து சேர்ந்த பூட்டு எதிர்ப்பக்கம் திறக்கும் கதவுக்கானது. திருப்பி அனுப்பினார். அடுத்து, "கதவு ஊறியிருக்கு. காயட்டும்" என்றார். எங்கள் ஊரில் ஒரு கதவு காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அதற்கும் அடுத்து, உள்ளே வைக்கும் சுருள்வில் ஒன்று இங்கிலாந்திலிருந்து வர வேண்டும் என்றார், அதுவும் கப்பலில்.

"ஒரு ஸ்பிரிங்குக்கு எதுக்குக் கப்பல்?" என்று வெண்டல் கேட்டான்.

"நல்ல சாமான் கப்பல்லதான் வரும்."

ஊர் ரசித்தது. வேனில் இருந்த 'ஒரு மணி நேரத்தில் பூட்டு' என்பதில் மணியைச் சுரண்டி எடுத்துவிட்டு யாரோ 'வருஷ' என்று எழுதினார்கள். நெவில் அதை அழிக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தார். டவுன் வக்கீல் அடுத்த இரண்டு வீட்டு வேலையையும் வேறு ஆளுக்குக் கொடுத்தார். "நாலு தலைமுறைப் பூட்டுக்காரன்னா இப்படித்தான். மூணாவது தலைமுறையோட மூளை தீர்ந்துபோச்சு" என்று கடையில் பேசிக்கொண்டார்கள். தேநீருக்கு வந்த ஆர்டித் இதையெல்லாம் வரி விடாமல் அவரிடம் ஒப்பித்தார். நெவில் கோப்பையை நிரப்பினார்.

மே மாதம் ஒருநாள் ஏணி கேட்டு அவரிடம் போனேன். வேனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தார்ப்பாயைத் தூக்கினேன். கீழே ஒரு மரப்பெட்டி, அதில் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிய இரண்டு பித்தளைப் பூட்டுகள், நூலில் கோத்த சாவிகள். பெட்டிமேல் 'ஐஸ்னர்' என்று சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது.

"நெவில், இது ஆர்டித் வீட்டுது இல்ல?"

"நீங்க ஏணி எடுக்க வந்தீங்க," என்றார் நெவில். "ஏணி அந்தப் பக்கம் இருக்கு."

மே கடைசியில் டாரில் போன் செய்தபோது நான் நெவிலின் சமையலறையில்தான் இருந்தேன். எதிரில் ஆர்டித், கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டு. போனில் கத்தியது எங்கள் மூவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"மிஸ்டர் ஹிப்கிஸ், மூணு மாசம்! அந்த ஆளு வேற வீடு பார்க்குறேங்கிறான். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எங்கிட்ட விளையாடுறீங்களா, இல்ல உங்களுக்கு வேலையே தெரியாதா?"

நெவில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"எனக்கு வேலை தெரியலீங்க," என்றார்.

மதம் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு தலைமுறைத் தொழிலை அவர் துறந்ததுபோல யாரும் இத்தனை அமைதியாக மாறியதில்லை. போனை வைத்தவர் தேநீர்க் கெண்டியை எடுத்தார். அது காலியாக இருந்தது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அதைக் கீழ வை," என்றார் ஆர்டித். "உக்காரு. போதும்யா."

"கப்பல் இன்னும்…"

"கப்பலும் வேணாம், கிப்பலும் வேணாம். உன் வண்டியில அந்தப் பெட்டி இருக்கிறது எனக்கு ஏப்ரல்லயே தெரியும். எவ்ளோ தூரம் போறேன்னு பார்த்துட்டிருந்தேன். இவ்ளோ தூரம் போவேன்னு நினைக்கல."

நெவில் உட்கார்ந்தார்.

"அவன் மேலயும் தப்பில்லய்யா," என்றார் ஆர்டித். "அன்னிக்குப் படியில விழுந்து கிடந்தேன்ல, கதவு திறந்துதான் கிடந்துச்சு. கத்தினேன். ஆலையில மெஷின் சத்தத்துக்கு மேல கத்துன தொண்டை இது. கேக்க ஆளு வேணும்ல? என் பக்கத்துல அஞ்சு வீடு. அஞ்சும் பூட்டிக் கிடக்கு." சாய்ந்திருந்த கைத்தடியை நேராக்கி வைத்தார். "நீ மாட்டுன பூட்டுதான். உன்னைக் குத்தம் சொல்லல. நல்ல பூட்டு. ஒண்ணுகூட அசையல."

நெவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆர்டித் கையமர்த்தினார்.

"உன் பேரைக் கெடுத்து நான் அந்த வீட்ல உக்காந்திருக்கணுமா? நான் கிளம்புற அன்னிக்குக் காலைல வந்து மாட்டு. அதுவரைக்கும் திறந்தே கிடக்கட்டும்." கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "த்தூ. ஆறிப்போச்சு."

ஜூன் முதல் வாரம், மூடுபனி கடலோடு நின்றுவிட்ட ஒரு காலையில், நெவில் டை கட்டிக்கொண்டு மரப்பெட்டியோடு போனார். கதவு ஊறியிருக்கவில்லை, அளவு தப்பவில்லை, எந்தச் சுருள்வில்லும் குறையவில்லை. முன்கதவு, பின்கதவு இரண்டையும் வேனில் முதலில் எழுதியிருந்த நேரத்துக்குள் முடித்துவிட்டார். மரத்தில் ஒரு சிராய்கூட இல்லை. ஆர்டித்தை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்த வெண்டல் அதைக் குனிந்து பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். ஆர்டித்தின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான்.

ஆர்டித் சமையலறையில் நின்று வழிக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிட்டால் ஆல்பர்ட்டா வரை உயிர் இருக்காது என்பது அவர் கணிப்பு. பொட்டலத்தைக் கட்டிக் கைப்பையில் வைத்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் படிக்கு வந்து கதவைச் சாத்தினார். நெவில் சாவியை நீட்டினார்.

"எந்தப் பக்கம்யா திருப்பணும்?"

"உங்க வலப்பக்கமா, மிசஸ் ஐஸ்னர்."

இடுப்பு தாங்கவில்லை. ஒரு கையால் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாவியைத் திருப்பினார். முதலில் இடப்பக்கம் போயிற்று. நெவில் கையை நீட்டவில்லை, காத்திருந்தார். பிறகு அது சரியான பக்கம் திரும்பி, உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஆர்டித் அந்தச் சத்தம் இன்னொரு முறை வருமா என்று கேட்பவரைப்போலக் கொஞ்ச நேரம் நின்றார். சாவியை எடுத்து நெவிலின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டார்.

"வக்கீல்கிட்ட குடுத்துடு. நல்லா சாப்பிடு. வத்திப்போயிருக்க."

கார் தேவாலயத் திருப்பத்தில் மறையும் வரை நெவில் படியிலேயே நின்றார். பிறகு தன் கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். வேலை முடிந்ததும் பித்தளையைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் அவர் எந்த வீட்டை விட்டும் இறங்குவார். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கைப்பிடிமேல் குனிந்தார். அதில் நான்கு விரல்களின் தடம், வெண்ணெய்ப் பிசுக்கோடு, அச்சடித்ததுபோலப் படிந்திருந்தது.

நெவில் துணியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.