சக்கரத்துக்குக் கையெழுத்துப் போட்டவன்

விமானத்துக்கு இறக்கைதான் முக்கியம் என்பவர்கள் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குச் சக்கரம்தான் முக்கியம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் குட்டி விமானத்துக்கு நான் மெக்கானிக். கோயில் விழாவுக்குப் பூத் தூவும், கல்யாண வீட்டுக்கு மேல் வட்டமடிக்கும். அதன் எஃகுக் கால்களும் சக்கரங்களும் என் பொறுப்பு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனே அடுத்த பறப்பில் பின்சீட்டில் உட்கார வேண்டும் என்பது எங்கள் கொட்டகை வழக்கம். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

தென்னந்தோப்பு

கேப்டன் முத்துக்குமார் என்னைவிடப் பத்து வயது இளையவர். தாழப் பறப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. வேலைக்கு வந்த முதல் வாரமே மானகிரியில் ஒரு தோப்பின் மேல் விமானத்தைத் தாழ இறக்கினார். மரத்துக்கு மேலே போகிறோம் என்று நினைத்தால், ஜன்னலுக்கு நேரே தேங்காய்க் குலை. கண்ணை மூடி மனசுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அடியில் சடசடவென்று சத்தம்.

ஓடுதளத்துக்குத் திரும்பி இறங்கிப் பார்த்தபோது இடது சக்கரத்தில் பச்சைக் கீற்று சுற்றியிருந்தது. சற்று நேரத்தில் தோப்புக்காரர் மொபெட்டில் வந்து நின்றார். சண்டைதான் என்று நான் பதுங்கினேன். அவர் கீற்றைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தேங்கா வேணும்னா சொல்லி விட்டிருக்கலாம்ல, ஆள் விட்டுப் பறிச்சுக் குடுத்துருப்பேன்ல."

பூமாரி

ஆறாவது மாதம் ஒக்கூர்ப் பக்கம் ஒரு கும்பாபிஷேகம். கதவைக் கழற்றிவிட்டு, மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தேன். கேப்டன் கோபுரத்தைப் பார்த்துச் சாய்த்தார். கலசத்தில் நீர் ஊற்றிக்கொண்டிருந்த குருக்களின் முகம் தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்தார். இருவரில் யார் அதிகம் பயந்தோம் என்று தெரியாது. பூவை எங்கே தூவினேன்? கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தேன். திரும்பி வந்து இறங்கும்போது இடது சக்கரம் மட்டும் தரையில் ஓங்கி அறைந்தது.

மாலையில் விழாக் குழுத் தலைவர் போன் செய்தார். நன்றாகத் திட்டட்டும், கேப்டன் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சொன்னது இது: "பூவெல்லாம் கம்மாய்ல விழுந்துருச்சுங்க. மறுதடவ வாரப்ப இன்னுங் கொஞ்சம் தாழ வாங்க."

சிவப்புக் கோடு

மறுநாள் காலை விமானத்தின் அந்த இடது காலைக் கழற்றி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். சக்கரம் மாட்டுகிற இடத்தில் முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு வந்தது. இன்னொரு முறை அப்படி இறங்கினால் கால் ஒடியும், விமானம் குப்புறக் கவிழும், உள்ளே நாங்கள் இரண்டு பேர். வீட்டில் என் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது.

கேப்டன் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த நாள் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்; மாப்பிள்ளை அழைப்பின்போது தெருவுக்கு மேல் தாழப் பறப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். "ஒரே ஒரு தடவதானண்ணே, தாங்கும். கையெழுத்தப் போடுங்க" என்றார்.

அன்றுதான் எனக்கு வாய் திறந்தது. "போடமாட்டேன். வேற யாரு போட்டாலும் நான் ஏறமாட்டேன், கேப்டன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் காலியாக இருந்த பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, விமானம் வராது என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தாழப் போறப்பல்லாம் எனக்கும் ஒதறுமண்ணே. நீங்க பின்னாடி சத்தமே இல்லாம இருக்கீகளா, சக்கரத்தப் பாத்த அண்ணனே சும்மா இருக்காக, நமக்கென்னன்னு இன்னுங் கொஞ்சம் எறக்குவேன்."

பயத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதைத் தைரியம் என்று நம்பி, ஒரு மனிதர் ஆறு மாதம் விமானம் ஓட்டியிருக்கிறார்.