ஜிப்பக்கா வழி காட்டிய ஊர்வலம்

அந்த ஊர்க்காரர்களிடம் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கைமாற்று கேட்டால் இல்லை, வாடகைக்கு வீடு கேட்டால் இல்லை, பேருந்தில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னால் இடமே இல்லை. வழி கேட்டால் மட்டும் நிலைமை வேறு. தெரியாது என்ற சொல் அவர்கள் வாயில் வரவே வராது. கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நடைபாதை ஓரத்துக்கு வந்து, கையை நீட்டி, இடது வலது எல்லாம் விளக்கி, போதாததற்குக் கொஞ்ச தூரம் கூடவே வந்து அனுப்பிவைப்பார்கள். அனுப்பிவைத்த இடத்தில் நீங்கள் கேட்டது இருக்குமா என்பது வேறு விஷயம். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஊரின் பெருமை என்றே நினைத்தார்கள்.

அந்தப் பெருமைக்கு வருஷத்துக்கு ஒருமுறை விழாவும் எடுத்தார்கள். ஊர் நாள் என்று பெயர். அன்றைக்குக் கடை கண்ணியெல்லாம் மூடிவிட்டு, தொழில்வாரியாக அணி பிரிந்து, ஊரைச் சுற்றி ஊர்வலம் போவார்கள். கொடி பிடித்து முன்னால் நடப்பவர் எந்தத் தெருவில் திரும்புகிறாரோ அந்தத் தெருவில் ஊரே திரும்பும். முன்கூட்டியே பாதை குறிப்பது கிடையாது, வரைபடம் வைத்துக்கொள்வது கிடையாது. சொந்த ஊரைச் சுற்றிவர வரைபடம் எதற்கு என்று மேடைக்கு மேடை கேட்பார்கள். பழைய பாலத்தையும் மில் பேட்டையையும் சந்தையையும் தொட்டுவிட்டு, மேயர் பேசக் காத்திருக்கும் நகராட்சிச் சதுக்கத்துக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் விதி. தெருக்களோ பூனை விளையாடிவிட்டுப் போன நூல்கண்டு மாதிரி கிடக்கும். போதாக்குறைக்கு, புதிதாக வரும் ஒவ்வொரு நகராட்சியும் முதல் காரியமாகத் தெருப்பெயர்களை மாற்றிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காரும்.

கொடி வருஷா வருஷம் ஒரு தொழிலுக்குப் போகும். அந்த வருஷம் தையற்காரர்கள் முறை. சங்கத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கோட்டும் சூட்டும் தைக்கிற பெரிய கடைக்காரர்களெல்லாம் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருக்க, சீட்டு விழுந்தது ஜிப்பக்காவுக்கு. கோட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். தட்டிய அழகைப் பார்த்தால் கொசு அடித்த மாதிரி இருந்தது.

ஜிப்பக்காவுக்குக் கடை ரயில் நிலைய வாசலில், மேம்பாலப் படிக்கட்டுக்கு அடியில். கடை என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, சுவரில் நிறம் நிறமாகத் தொங்கும் ஜிப்புகள். எழுந்து நின்றால் தலை படிக்கட்டில் இடிக்கும், அதனால் எழுந்து நிற்கிற பழக்கத்தையே அவள் விட்டுவிட்டாள். கால்சட்டை நீளம் குறைப்பது, சாப்பாட்டுப் பிரியர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது, பைக்கு ஜிப் மாற்றுவது எல்லாம் அவள் வேலை. நிற்க நேரமில்லாத பயணிகளை நிற்கவைத்தே ஜிப்பை இழுக்கிற ரன்னரை மாற்றிக் கொடுத்துவிடுவாள். பின்தெருவில் வீடு. கடை, வீடு, முக்குக் காய்கறிக் கடை. இதைத் தாண்டி அவளுக்கு ஊரில் ஒரு தெருவும் உருப்படியாகத் தெரியாது.

ஆனால் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வழி கேட்பார்கள். அவளும் சளைக்காமல் சொல்வாள். வாயில் குண்டூசியைக் கவ்வியபடி, இன்ச் டேப்பை நீட்டித் திசை காட்டுவாள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை. சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். திரும்பிவர அவர்களுக்கு வழி தெரிந்திருக்காது என்பதை அவள் யோசிக்கவில்லை.

இப்படி எல்லா லட்சணமும் பொருந்தியிருந்தும் ஒரே ஒரு ஆளிடம் அவள் பருப்பு வேகவில்லை. அது அவள் நாத்தனார். புருஷனுக்குத் தங்கை, கீழ்மாடியில் குடியிருப்பு, பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுன்டரில் வேலை. கண் டாக்டரைத் தேடி வந்தவரைப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கக்கூடியவள். ஜிப்பக்கா பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். தலை நரைத்துவிட்டது, மகனுக்கே கல்யாணமாகிவிட்டது, ஆனாலும் நாத்தனார் கணக்கில் அவள் நேற்று சாயங்கால ரயிலில் வந்து இறங்கியவள்தான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். வாங்க அண்ணி, போங்க அண்ணி என்று தேனாகப் பேசுவாள். பேச்சுக்கு நடுவே மட்டும், "உங்க ஊர்ல அப்படியா அண்ணி? எங்க ஊர்ல இப்படித்தான்" என்று ஒரு ஊசியைச் சொருகிவிடுவாள். ஊசியோடு பிழைக்கிறவளுக்கே அந்த ஊசி வலித்தது. அண்ணன் முன்னாலும் சொல்வாள், வந்த விருந்தாளி முன்னாலும் சொல்வாள், சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்துக்கொண்டும் சொன்னாள். அன்று ஜிப்பக்கா சமையலறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டது யாருக்கும் தெரியாது.

கொடி கைக்கு வந்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனதற்கு அதுதான் காரணம். ஊரைச் சுற்றிக் கூட்டிப்போய்ச் சதுக்கத்தில் கொண்டு நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு எந்த நாக்கு வெளியூர் என்று சொல்லும்? செய்தி தெரிந்த அன்று ராத்திரி சாப்பாட்டில் நாத்தனார் ரொம்ப அன்பாகச் சொன்னாள்: "சந்தோஷம் அண்ணி. நடுவுல வழி தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. வெளியூர்க்காரங்க சொன்னா அதுல ஒண்ணும் தப்பில்ல."

ஜிப்பக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

புருஷனைக் கேட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக், மேலே கீழே தவிர வேறு திசையில் அவருக்கு அனுபவம் கிடையாது. ஆனாலும் ஊர்க்காரர் ஆயிற்றே, தட்டிலேயே விரலால் தெருப் போட்டு விளக்கினார். மறுநாள் பால்காரரைக் கேட்டாள், அவர் வேறு மாதிரி சொன்னார். அந்த இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்று தபால்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனையும் கூட்டிக்கொண்டு நடந்தே பார்த்துவிடுவது என்று கிளம்பினாள். தொலைந்துபோய் டாக்ஸி பிடித்தார்கள். டாக்ஸிக்காரரும் ஊர்க்காரர்தான். புருஷன் ஒரு வழி சொல்ல, அவர் இன்னொரு வழி சொல்ல, இரண்டு பேரும் சந்தோஷமாகத் தர்க்கம் பண்ணிக்கொண்டே போய் இருட்டிய பிறகு வீடு சேர்த்தார்கள்.

ஊர் நாளும் வந்தது. ஊர்வலம் கிளம்புகிற ரயில் நிலைய வாசலில், ஜிப்பக்கா தானே தைத்த நீலக் கோட்டில் கொடியோடு முன்னால் நின்றாள். அவளுக்கு நேர் பின்னால் ஆஸ்பத்திரி பேண்டு. அதில் பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு நிற்பது வேறு யாருமில்லை, நாத்தனார். அதற்குப் பின்னால் தபால்காரர்கள், ரொட்டிக் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், கடைசியில் வேண்டா வெறுப்பாகக் கோட்டுக்காரர்கள். விழாக்குழுச் செயலாளர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு இங்கேயும் அங்கேயும் ஓடினார். ஊதினார், நடந்தார்கள்.

பழைய பாலம் ரயில் நிலையத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், அதில் கஷ்டமில்லை. மில் பேட்டைக்குப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். முதுகுக்குப் பின்னால் டிரம் திடும் திடும் என்று கேட்கக் கேட்க, இவ்வளவுதானா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சந்தைக்குப் போகும் பெரிய சாலையில் திரும்பினால், குறுக்கே குழி. நகராட்சி குழாய் பதிக்கத் தோண்டியிருந்தது. வருஷம் பூராவும் தோண்டாமல் ஊர் நாளுக்கென்றே காத்திருந்து தோண்டியிருந்தது.

நிற்கலாம் என்றால் பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. அடுத்த சந்தில் ஒருவர் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்பது மாதிரியும் இருக்கக்கூடாது, கேட்காமலும் முடியாது. கொடியை ஆட்டி, கல்யாண வீட்டில் நலம் விசாரிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு, "சந்தைக்கு இப்படித்தானே போறோம்?" என்றாள். அவர் பூவாளியை வைத்துவிட்டு உற்சாகமாகக் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் போனாள். மூடிய கடை வாசலில் நின்ற பத்திரிகைக் கடைக்காரர் ஒருவர் கேட்காமலேயே வேறு பக்கம் காட்டினார். அந்தப் பக்கமும் போனாள்.

சந்து குறுகிக்கொண்டே போனது. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தத் தெருக்களுக்கு ஊர்வலம் வந்ததாக யாருக்கும் நினைவே இல்லை. பேண்டு சத்தம் கேட்டு, தலையில் துண்டோடும், பாதி மழித்த முகத்தோடும் ஜனங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். முதியோர் இல்லத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, நடுங்குகிற கைகள் வெளியே வந்து ஆடின. ஒரு பெரியவர் தன்னைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னார். ஜிப்பக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது. நடையை எட்டிப் போட்டாள். தூரத்தில் பெரிய வளைவு தெரிந்தது. சந்தை வாசல்தான் என்று நம்பி, கம்பீரமாக உள்ளே நுழைந்தாள்.

அது பேருந்துப் பணிமனை. பேருந்து கழுவுகிற கொட்டகை. மூன்று பக்கமும் சுவர். அவள் நின்றாள், பேண்டு நின்றது, பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாததால் தபால்காரர்களும் ரொட்டிக்காரர்களும் உள்ளே வந்து அடைந்துகொண்டே இருந்தார்கள். பேருந்து கழுவும் குழாயோடு நின்ற ஊழியர் ஒன்றும் புரியாமல், எந்த வண்டிக்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

செயலாளர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. மேயர் சதுக்கத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார் என்று கத்தினார். ஊர் மானமே போச்சு என்றார். பிறகு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இதுக்குத்தான் வெளியூர்க்காரங்க கையில கொடியக் குடுக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார்.

கோட்டுக்காரர்கள் வரிசையில் ஒரு கனைப்பு கேட்டது. ஜிப்பக்கா கொடிக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாளோ அது ஊர் கூடி நிற்கிற இடத்தில் நடந்துவிட்டது. சரி, சொல்லிவிடலாம், எனக்கு வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து டிரம்மில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. செயலாளர் துள்ளிப்போய்த் திரும்பினார்.

"யாரு சார் வெளியூரு?" என்றாள் நாத்தனார். "வெளியூர்க்காரங்களா இருந்தா அந்தக் குழி பக்கத்துலயே நின்னு, வழி தெரியலன்னு கையை விரிச்சிருப்பாங்க. எங்க அண்ணி தெரியாத வழியில இத்தன பேரைக் கூட்டிக்கிட்டு, ஒரு எடத்துலகூட நிக்காம, தல நிமிந்து இங்க கொண்டாந்து சேத்திருக்காங்க. இந்த ஊர்க்காரியத் தவிர வேற யாரால சார் இது முடியும்?"

செயலாளர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். மறுத்துப் பேசினால் ஊர்ப் பெருமையையே மறுத்த மாதிரி ஆகிவிடும். முதலில் தபால்காரர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள், குழாய் ஊழியரும் தட்டினார். தோற்றுப்போன குரலில் செயலாளர், இங்கிருந்து சதுக்கத்துக்காவது எப்படிப் போவது, யாருக்குத் தெரியும் என்று கேட்டார். கொட்டகை முழுக்கக் கைகள் நீண்டன. ஒன்று காட்டிய பக்கத்தை இன்னொன்று காட்டவில்லை.

ஜிப்பக்கா நாத்தனார் பக்கம் நகர்ந்தாள். "நீ சொல்லும்மா. எந்தப் பக்கம்?"

நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள். டிரம்மோடு சேர்ந்து குனிந்து, அண்ணியின் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"எனக்கும் தெரியாது அண்ணி. நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும், வெளிய விட்டுடாதீங்க. நீங்க பாட்டுக்கு நடங்க, நான் அடிக்கிறேன்."

ஜிப்பக்கா கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இந்தமுறை எல்லாரும் பார்க்கவே துடைத்துக்கொண்டாள். கொடியை உயர்த்திப் பிடித்து, கூட்டம் ஒதுங்கிக் கொடுத்த வழியில் பணிமனை வாசலுக்கு வந்து, ஒரு விநாடிகூடத் தயங்காமல் வலது பக்கம் திரும்பினாள். ஊர் அவள் பின்னால் வந்தது.